கவாத்து செய்யாத வருஷம்

1996 அக்டோபர் 14, திங்கள்

கொய்யாவுக்குக் கவாத்து நாள் வந்துவிட்டது. நுனியிலிருந்து அரைச் சாண் நறுக்கிவிட்டால் பக்கத்தில் புதுத் தளிர் வெடிக்கும், அதில்தான் பூ வரும். பழைய கொம்பில் கொய்யா பூக்காது. ஐந்து வருஷமாக அக்டோபரில் ஒரு முறை, பிப்ரவரி கடைசியில் ஒரு முறை என்று இதைச் செய்துவருகிறேன்.

இந்த வருஷம் இல்லை. காலையில் கவாத்துக் கத்தரியைச் செய்தித்தாளில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்து ஆபீசுக்கு எடுத்துப்போய் லாக்கரில் பூட்டிவிட்டேன். வாசலில் பையைப் பார்த்த காவலர், உள்ளே தோட்டம் போடப்போகிறீர்களா சார் என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

வசுமதிக்கு மூன்றாம் மாதம். மன்னார்குடியிலிருந்து அம்மா இன்லண்ட் லெட்டரில் நான்கு கட்டளை போட்டிருக்கிறாள். முடி வெட்டாதே. சமுத்திரத்தில் குளிக்காதே. பிணம் தூக்காதே. பச்சை மரம் வெட்டாதே. பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் இந்த நாலையும் செய்யக் கூடாதாம். பச்சை மரம் என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

தாடிக்கு மூன்று வாரம். சபரிமலையா, காதல் தோல்வியா என்று பன்னீர்செல்வம் தினமும் பஸ்சில் கேட்கிறான். பக்கத்து சீட்டுக்காரனாகப் போய்விட்டான், சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அக்டோபர் 19, சனி

முத்துசாமி வந்தான். கடற்கரை ஓட்டல் ஒன்றில் தோட்டக்காரன். சனிக்கிழமைகளில் எனக்கு உதவிக்கு வருவான். அவன் மனைவி சாராள்தான் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். இந்த வருஷம் கவாத்து இல்லை என்று சொன்னதும் கொய்யாவை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா சார், மரம் பூதம் மாதிரி வளந்துகினு கீது. நீ வெட்ட வாணாம், நான் வெட்றேன். எனக்கு இன்னா சாமிகுத்தமா?"

நியாயம்தான். சட்டம் எனக்குத்தானே, அவனுக்கு இல்லையே. ஆனால் என் தோட்டத்தில் நான் சொல்லி அவன் வெட்டினால் அது யார் கை? வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். வசு அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆபீசில் நாளெல்லாம் நுண்ணிய அளவுக்கருவிகளைச் சரிபார்க்கிறவன் நான். ஒரு மைக்ரான் தப்பினால் காரணம் கேட்பேன். என் பகுத்தறிவு ஆபீஸ் பஸ்சோடு சரி போலிருக்கிறது.

அக்டோபர் 27, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எங்கேயும் எழுதியதில்லை, யாரிடமும் சொன்னதில்லை.

93-இல் வசு முதல் முறை உண்டாகியிருந்தாள். அப்போதும் அம்மாவின் கடிதம் வந்தது. வசுவிடம் படித்துக் காட்டிச் சிரித்தேன். சிரித்தாலும், சரி, வெட்டமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். பிப்ரவரி கடைசி ஞாயிறு அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். பருவம் போனால் போனதுதானே என்று கொய்யாவை முக்கால் மணி நேரத்தில் முடித்தேன். வெட்டுக்களுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த நீலப் பசையைத் தடவினேன். நறுக்கியதையெல்லாம் வேலிக்கு வெளியே போட்டேன். நான்காம் நாள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி.

94 டிசம்பரில் இரண்டாம் முறை. மாதுளை. இரண்டே இரண்டு கிளை என்று ஆரம்பித்தேன். எட்டாம் நாள்.

டாக்டர் அம்மாள் இரண்டு முறையும் சொன்னது ஒன்றுதான்: காரணம் தெரியவில்லை, பத்தில் ஒன்று இப்படிக் கலையும், உங்கள் இருவர் மேலும் குறையில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. எனக்குத் தெரியாதா? ஆனால் காக்கையாக இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

நவம்பர் 5, செவ்வாய்

கிழக்குக் காற்று தொடங்கிவிட்டது. மாமரத்தில் ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே வளர்ந்த இரண்டு கிளைகள் படுக்கையறைப் பக்கம் உரசுகின்றன. கிர்க்... கிர்க். ஆகஸ்டிலேயே, காய்ப்பு முடிந்ததும் எடுத்திருக்க வேண்டும். உரசுகிற இடத்தில் பட்டை போய்விட்டது, பூச்சி இறங்கும்.

மேல் கிளையைத்தான் எடுக்க வேண்டும். முதலில் அடியில் பாதி அறுக்கணும், இல்லாவிட்டால் விழும்போது தாய்மரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். அப்புறம் ஒரு சாண் தள்ளி மேலிருந்து. கடைசியாக மிஞ்சின கட்டையை, கிளை தாய்மரத்தில் சேருகிற கழுத்தோடு.

படுத்துக்கொண்டு மனசுக்குள் இதை எத்தனை முறை செய்துவிட்டேன்! மனசில் வெட்டினால் கணக்கில் சேருமா?

மரரம்பத்தையும் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டிப் பரணில் போட்டுவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

தீபாவளி. வசு ஒரு அதிரசம் தின்று ஒன்றரை அதிரசம் வாந்தி எடுத்தாள். சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 21, வியாழன்

மூன்று நாளாக இரவு ஷிப்டு. காலை ஏழரைக்குப் பஸ்சிலிருந்து இறங்கியது ஞாபகம் இருக்கிறது. காபி குடித்தேன். படுத்தேன். எழுந்தபோது மணி மூன்று.

எழுப்பியது சத்தம் இல்லை. சத்தம் இல்லாததுதான். காற்று அடிக்கிறது, இலை அசைகிறது, உரசல் மட்டும் கேட்கவில்லை.

வெளியே போனேன். மேல் கிளை கீழே கிடக்கிறது. அடியில் பாதி, ஒரு சாண் தள்ளி மேலிருந்து, கடைசியாகக் கழுத்தோடு. பட்டை ஒரு நூல்கூட உரியவில்லை. வெட்டு முகத்தில் நீலப் பசை, இன்னும் ஈரமாக.

வசு அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். யாராவது வந்தார்களா என்று கேட்டேன். "யாரும் வரலையே" என்றாள். சத்தம்கூடவா கேட்கவில்லை? "மிக்ஸி ஓடிண்டிருந்தது" என்றாள். கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நான் நினைத்திருந்தபடியே வெட்டியிருக்கிறது. அச்சாக அப்படியே. என் மண்டைக்குள் புகுந்து பார்த்துவிட்டு யார் வந்து வெட்டினார்கள்?

நவம்பர் 22, வெள்ளி

பரணில் ஏறிப் பார்த்தேன். ரம்பம் சாக்குக்குள் இருக்கிறது. கயிறும் கட்டியிருக்கிறது. நான் போட்டது சுருக்கு முடிச்சு. இது வேறு முடிச்சு.

நவம்பர் 25, திங்கள்

நான்காம் நாள். வசு நன்றாக இருக்கிறாள்.

நவம்பர் 29, வெள்ளி

எட்டாம் நாள். லீவு போட்டுவிட்டு வசுவைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனேன். பரிசோதனைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்றாள். சும்மா வா என்றேன். டாக்டர் அம்மாள் கருவியை வைத்தாள். குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். வசு என் தாடியைப் பார்த்து, எழுந்திருங்கோ, யாராவது காசு போட்டுவிடப் போகிறார்கள் என்றாள்.

டிசம்பர் 2, திங்கள்

கொய்யா.

பதினொரு நுனி. அரைச் சாண் அளவுக்கு, வெளிப்பக்கம் பார்க்கிற மொட்டுக்கு மேலே, சாய்வாக. ஒவ்வொன்றிலும் நீலப் பொட்டு. காலை ஆபீசுக்குப் போகும்போது இல்லை. மாலை வந்தபோது இருக்கிறது. நறுக்கிய நுனிகள் ஒன்றுகூடத் தரையில் இல்லை.

நேரே முத்துசாமி வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவன் மூன்று நாளாகக் காய்ச்சலில் படுத்திருக்கிறான். கம்பளிக்குள்ளிருந்து என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. சாராள் என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். என் முகத்தைப் பார்க்காமலே கதவைச் சாத்தினாள்.

டிசம்பர் 14, சனி

முத்துசாமி குணமாகி வந்தான். நானே கூப்பிட்டிருந்தேன். மாமரத்து வெட்டைக் காட்டினேன். ஏணி போட்டு ஏறி, விரலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

"இன்னா சார், நீயே வெட்டிட்டு என்னிய கேக்குற?"

நான் வெட்டவில்லை என்றேன்.

"இது உன் கை சார். ரம்பத்த நீ இஸ்தின்னா கடைசி இழுப்புல ஒரு திருப்பு திருப்புவ. இதோ கீது பாரு."

கொய்யாவுக்கு அழைத்துப்போனேன். ஒவ்வொரு நுனியாகப் பார்த்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான்.

"இது வேற கை. ஆனா உன்ன பாத்து கத்துக்கினது."

யார் என்று கேட்டேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டான். உச்சி வேளையில் இந்தத் தோட்டத்தில் நிற்காதே, வீட்டம்மாவையும் விடாதே என்றான். அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஓட்டலில் வேலை அதிகமாம். வரமாட்டானாம்.

டிசம்பர் 27, வெள்ளி

மாதுளை. போன பருவத்துக் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கு, டிசம்பரில். யார் செய்கிறார்களோ, அவர்களுக்கு மாசம் தெரிகிறது. அளவு தெரிகிறது. எனக்கு எட்டாம் நாள் தந்த அதே மரம்.

வசுவுக்கு ஐந்தாம் மாதம். நன்றாகத்தான் இருக்கிறாள். கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி ஒன்று என்னிடம், ஒன்று வசுவிடம்.

ஜனவரி 4, 1997, சனி

எட்டு நாள் ஆகிவிட்டது. ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்றே தெரியவில்லை. ஒரு வெட்டுக்கு எண்ணி முடித்தால் அடுத்தது வந்துவிடுகிறது.

ஜனவரி 17, வெள்ளி

லீவு. காலையிலிருந்து பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் மூன்று சிற்பக் கூடங்கள். விடிந்ததிலிருந்து உளிச் சத்தம் ஓயாது. அது பழகிவிட்டதால் காதில் விழுவதே இல்லை. பகல் ஒரு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பாட்டுக்கு எழுந்துபோவார்கள். அப்போதுதான் இந்த ஊர் எவ்வளவு சத்தமில்லாத ஊர் என்று தெரியும்.

அந்த ஒரு மணிக்கு வசு சாப்பிடக் கூப்பிட்டாள். நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றேன். குழம்பு ஆறுகிறது என்றாள். போனேன். பரிமாறிவிட்டு, கொடியில் துணி காய்ந்துவிட்டது, எடுத்துவருகிறேன் என்று போனாள். நான் மோர்சாதத்துக்கு வந்தபோது துணிக்கூடையோடு திரும்பி வந்தாள்.

கை கழுவிவிட்டு வெளியே போனேன். சப்போட்டாவில் ஒட்டுக்குக் கீழே கிளம்பியிருந்த காட்டுத் தளிர் இரண்டும் இல்லை. அதை விட்டுவைத்தால் ஒட்டு மரத்தையே தின்றுவிடும், எடுக்க வேண்டியதுதான். ஆனால் எடுத்தது யார்? வெட்டின இடத்திலிருந்து பால் வடிந்துகொண்டிருந்தது. தொட்டேன். விரலில் ஒட்டியது.

கேட் பூட்டியபடி இருக்கிறது. யாரையாவது பார்த்தாயா என்று வசுவிடம் கேட்டேன். இல்லை என்றாள். கூடையில் இருந்த புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

உளிச் சத்தம் மறுபடி ஆரம்பித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஜனவரி 20, திங்கள்

லாக்கரைத் திறந்து பார்த்தேன். கத்தரி செய்தித்தாளுக்குள் அப்படியே இருக்கிறது. வாய் லேசாகத் துருப்பிடித்திருக்கிறது. மூன்று மாதமாக யாரும் தொடாத துரு. நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. இது இங்கே இருக்கிறது, அங்கே வெட்டு விழுகிறது என்றால்?

முத்துசாமி சொன்னது சுற்றிச் சுற்றி வருகிறது. மாமரத்தில் என் கை. நான்தானா? நானேதானா? இரவு ஷிப்டு முடிந்து வந்தால் பகலில் நான் என்ன ஆகிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? எழுந்ததும் விரல்களை முகர்ந்து பார்க்கிறேன். ஆபீஸ் சோப்பு வாசனைதான். நேற்று மயில்துத்தம் மாதிரி இருந்தது. பிறகு இல்லை.

வசுவிடம் கேட்டால் என்ன? நான் தூக்கத்தில் நடக்கிறேனா என்று கேட்கலாம். கேட்டால் ஏன் என்பாள். அப்புறம் 93-ஐச் சொல்ல வேண்டும், 94-ஐச் சொல்ல வேண்டும். ஆறாம் மாதத்தில் இருக்கிறவளிடம் உன் இரண்டையும் நான்தான் என்று சொல்வானா ஒருத்தன்?

பிப்ரவரி 8, சனி

பன்னீர்செல்வத்தின் அப்பா தவறிவிட்டார். அவன் சொந்த ஊர் படாளத்துக்குப் போனேன். பாடையைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தபோது அவன் என்னைத்தான் பார்த்தான். தினமும் பக்கத்து சீட்டில் உட்காருகிறவன். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். வேறு யாரோ வந்து தோள் கொடுத்தார்கள். காரணத்தை அங்கே எப்படிச் சொல்வது? நான் திரும்பும்போது அவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அவன்மேல் தப்பில்லை.

என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

மாசி மகம். கடற்கரை கொள்ளாத கூட்டம். வசு வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். எல்லோரும் அலையில் தலை முழுகினார்கள். நான் செருப்புகளுக்குக் காவல் மாதிரி உலர்ந்த மணலில் நின்றேன். வசு புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அலை என் பக்கம் வந்தபோது நான் துள்ளிப் பின்வாங்கினேன். பக்கத்தில் ஒரு குழந்தை சிரித்தது. வசு சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 1, சனி

கொய்யா, இரண்டாம் சுற்று. பிப்ரவரி கடைசிக்கு ஒரு நாள்தான் பிந்தியிருக்கிறது.

மார்ச் 12, புதன்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையிலேயே தலைவலி. அரை நாள் லீவு போட்டுவிட்டு லைன் பஸ்சில் வந்தேன். தெருமுனையில் இறங்கும்போது உளிச் சத்தம் நின்றது. ஒரு மணி. என் வீட்டுக் கேட்டைத் திறக்க எனக்கே பயமாக இருந்தது. திறந்து, முன்கதவுக்குப் போகாமல் வீட்டோரச் சந்து வழியாகப் பின்பக்கம் வந்தேன்.

எலுமிச்சை அடியில் யாரோ குனிந்திருந்தார்கள். வெள்ளையாக, தலையில் துண்டு கட்டி. டக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக். அந்த உருவம் இடுப்பில் கைவைத்து மெல்ல மெல்ல நிமிர்ந்தது. வயிறு தெரிந்தது.

வசு. என் பழைய வெள்ளைச் சட்டை. கையில் புதுக் கத்தரி. காலடியில் பசை கரைத்த தேங்காய்ச் சிரட்டை.

"ஏன்னா, இத்தனை சீக்கிரம்?" என்றாள். கத்தரியை மறைக்கவில்லை.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவள் கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டாள். முதுகு வலிக்கிறது, நீங்களும் உட்காருங்கோ என்றாள். உட்காரவில்லை. எல்லாவற்றையும் நீதானா என்று கேட்டேன். எல்லாம் இல்லை என்றாள்.

"மாமரம் நீங்க."

அன்றைக்கு, நவம்பர் வியாழக்கிழமை, காபி குடித்துப் படுத்தவன் அரை மணியில் எழுந்திருந்தேனாம். பரணில் ஏறி ரம்பத்தை எடுத்தேனாம்.

"சத்தம் தாங்கலை, சத்தம் தாங்கலைன்னு சொல்லிண்டே போனேள். கூப்பிட்டேன். திரும்பினேள். ஆனா என்னைப் பார்க்கலை. அந்தக் கண்ணைப் பார்த்ததும் மறுபடி கூப்பிடலை."

அறுத்துப் போட்டுவிட்டு ரம்பத்தை மரத்தடியிலேயே விட்டு, வந்து படுத்துக்கொண்டேனாம். மழை வருகிற மாதிரி இருந்ததால் பசை தடவியது அவள்தான். அவளும் ஏணியில் ஏறியிருக்கிறாள், நான்காம் மாதத்தில்! ரம்பத்தைச் சாக்கில் கட்டியதும் அவள்தான். முடிச்சு அவளுடையது.

ஏன் சொல்லவில்லை?

"எழுந்து வந்து யார் வெட்டினான்னு கேட்டேளே, அந்த முகத்தைப் பார்த்துண்டு நீங்கதான்னு எப்படிச் சொல்றது? முதல் தடவை கொய்யா. ரெண்டாம் தடவை மாதுளை. இப்போ இதுவும்னா நீங்க இருப்பேளா?"

அவளுக்குத் தெரியும். 93-உம் தெரியும், 94-உம் தெரியும்.

"மரத்தை ஒளிச்சு வெட்ட முடியுமா? மூணு வாரத்துல தளிர் வந்து காட்டிக் கொடுத்துடும். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து நான் படுத்திண்டிருந்த ஜன்னலுக்கு நேரேதானே கொய்யா. நாள் பூரா அந்தத் தளிரைத்தான் பார்த்திண்டிருந்தேன்."

அன்றைக்கே ஏன் கேட்கவில்லை என்றேன். நான் கேட்டால் நீங்கள் நம்பிவிடுவீர்கள் என்றாள். அவளுக்கு அந்தச் சட்டத்தில் நம்பிக்கை இல்லையாம், ஒரு நாளும் இருந்ததில்லையாம். நான்தான் நம்புகிறேனாம். அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயமாம்.

அப்படியானால் மற்ற மரங்களை ஏன் வெட்டினாய் என்றேன். சிரட்டையில் இருந்த பசையைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"மாமரம் மட்டும் வெட்டுப்பட்டு நின்னா, என்னிக்காவது ஒரு நாள் நீங்கதான்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும். அதான் சாராளை விட்டுக் கத்தரி வாங்கிண்டு வரச்சொல்லி எல்லாத்தையும் வெட்டினேன். ஏதாவது ஆச்சுன்னா, நான்தான் பிடிவாதமா வெட்டினேன், மாமரமும் நான்தான்னு சொல்லியிருப்பேன்."

வயிற்றில் அதை வைத்துக்கொண்டா என்று கேட்டேன்.

"உங்க பேர்ல ரெண்டை எழுதி வெச்சிண்டிருக்கேளே. மூணாவது என் பேர்ல இருக்கட்டும்."

நான் அழுதேன். கிணற்றடியில் உட்கார்ந்து, தாடியும் மூக்குமாக. இருபத்தொன்பது வயசிலிருந்து இந்த வீட்டில் என்னோடு இருக்கிறவள். நான் ஒளித்துவைத்திருந்த இடத்திலேயே நாலு வருஷமாக உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

கொஞ்ச நேரம் கழித்து உளிச் சத்தம் தொடங்கியது. வசு கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டு, எலுமிச்சையில் இன்னும் இரண்டு காய்க்காத நீர்க்கொம்பு பாக்கி, முள் குத்துகிறது, கொஞ்சம் கிளையைப் பிடியுங்கோ என்றாள்.

பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 13, வியாழன்

இரவெல்லாம் கோபம். அவள்மேல். எத்தனை பெரிய பணயம்! பிறகு அவள் பணயம் வைக்கவே இல்லை, நான்தான் அதைப் பணயம் என்று நினைக்கிறேன் என்று தோன்றியது. பிறகு மறுபடி பயம். தெளிந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். தெளியவில்லை. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நேற்று எலுமிச்சை. நாலாம் நாள் ஞாயிறு. எட்டாம் நாள் வியாழன்.

வசு குறட்டை விட்டுத் தூங்குகிறாள்.

மார்ச் 16, ஞாயிறு

பன்னீர்செல்வத்தின் வீட்டுக்குப் போய் ஏன் தோள் கொடுக்கவில்லை என்று சொன்னேன். இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார் என்றான். அவன் மனைவி காபி கொண்டுவந்தாள். குடித்தேன்.

ஏப்ரல் 19, சனி

மாமரம் பிஞ்சு பிடித்திருக்கிறது. அறுத்த இடத்தைச் சுற்றிப் பட்டை வளையமாகக் கூடி வருகிறது. ஏணியில் ஏறித் தொட்டுப் பார்த்தேன். இதைச் செய்தவனை எனக்குத் தெரியாது. அவன் ஒரு காலைப்பொழுது முழுக்க என் உடம்போடு இந்தத் தோட்டத்தில் நடந்திருக்கிறான், என் மனைவியைப் பார்க்காமல் பார்த்திருக்கிறான். இனி ஷிப்டு முடிந்து வந்து படுக்கும்போது அறைக்கதவை வெளியே தாழிடச் சொல்லியிருக்கிறேன். வசு சரி என்றாள். தாழிடுவதில்லை என்று நினைக்கிறேன்.

மே 11, ஞாயிறு

காலை 6.40. செங்கல்பட்டு. பெண். இரண்டு கிலோ எண்ணூறு. வசு நன்றாக இருக்கிறாள். அழுகிற சத்தம் வராந்தா வரை கேட்டது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே சவரம் செய்துகொண்டேன்.

1999 அக்டோபர் 16, சனி

நடுவில் எத்தனையோ நாள் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் போனதுதான் காரணம், அது நல்லதற்குத்தான்.

வசுவுக்கு மூன்றாம் மாதம். அம்மாவின் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இந்த முறை மூன்று கோடு.

காலையில் கொய்யாவுக்குக் கீழே ஸ்டூல் போட்டு நின்றேன். மகள் ரோகிணி மண்ணில் உட்கார்ந்து நான் போடப்போகிற நுனிகளுக்குக் காத்திருந்தாள். வசு சிரட்டையோடு பக்கத்தில். முதல் கிளையைப் பிடித்தேன். பிடித்தபடியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கத்தரியின் வாய் திறந்தபடி இருந்தது, மூட வரவில்லை. வசு அவசரப்படுத்தவில்லை. பிறகு மெல்ல எட்டிப் பார்த்தாள்.

"அந்த மொட்டு உள்பக்கம் பார்க்கறது. கொஞ்சம் தள்ளி வெட்டுங்கோ."

பார்த்தேன். அவள் சொன்னது சரி.

தள்ளி வெட்டினேன்.